மண்ணைத் துளைத்து வந்த ஈ

சமஸ்தானம் இருந்த நாளில் நான் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தேன். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, ஒரு சைக்கிள். நார்த்தாமலையைச் சுற்றியிருந்த ஊர்களில் என்னை ‘ஈ இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்வார்கள். கேலிதான். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

பங்குனியில் அம்மன் திருவிழா வரும், கூட்டத்தோடு வாந்திபேதியும் வரும். அதனால் மாசி பிறந்ததும் ஊர் ஊராகப் போய், மரத்தடியில் துணிப் படத்தைத் தொங்கவிட்டு ஈயைப் பற்றிப் பேசுவேன். ஈக்குப் பல் கிடையாது. பண்டத்தின் மேல் எச்சிலைக் கக்கிக் கரைத்து, பஞ்சு போன்ற வாயால் ஒற்றி உறிஞ்சும். ருசி பார்ப்பதும் காலால்தான். “அந்தக் கால் இதுக்கு முன்னாடி எங்கே நின்னுச்சு?” என்று கேட்டுவிட்டுச் சற்றே நிறுத்துவேன். பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பிறகு, ஈரச் சாணத்தில் முட்டை, மறுநாள் புழு, பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ என்று குச்சியால் வரிசையாகக் காட்டி, “எருக்குழியில ஒரு சாண் மண்ணைப் போட்டு மூடுங்க” என்று முடிப்பேன்.

அந்த ஊர்களில் ஒன்றில் ஒரு அம்மாள் இருந்தாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு பசு மாடு இருந்தது. திருவிழாவில் கருப்பட்டிக் குழிப்பணியாரம் சுட்டு விற்பாள். அந்தச் சில நாள் வியாபாரத்தை வைத்துத்தான் அவளுக்கு வருஷத்தில் பாதி நாள் சோறு. கடை போட என் அனுமதிச் சீட்டு வேண்டும். வீட்டையும் எருக்குழியையும் பார்த்துவிட்டுத்தான் சீட்டுக் கொடுப்பேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் தலையாரியோடு அவள் வீட்டுக்குப் போனேன். குழியில் மண் போட்டிருந்தது. ஆனால் கொட்டிலெல்லாம் ஈ மொய்த்தது. குழியின் மேல் மண்ணிலும் சாம்பல் நிறத்தில் சில ஈக்கள், இறக்கை விரியாமல், பறக்கத் தெரியாதவை போல ஊர்ந்துகொண்டிருந்தன. கோணி ஊசியால் குத்தியது போல மண்ணில் துளைகள் இருந்தன. அத்தனையையும் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு, “இன்னைக்குத்தானே மண்ணு போட்டே? என்னை ஏமாத்தலாம்னு பாக்குறியா?” என்றேன்.

“இல்லீங்க எசமான். நீங்க சொன்ன அன்னைக்கே போட்டேன். அப்பறம் ரெண்டு வாட்டி போட்டேன். மண்ணுக்குள்ள இருந்துதாங்க ஈ வருது.”

“மண்ணுல ஈ முளைக்குதா? அப்ப தண்ணி பாய்ச்சு, களை எடு, தையில அறுத்துக்கலாம்.”

தலையாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேலியோரம் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“பொய் சொல்லலீங்க. இங்கிட்டு வந்து செத்த நேரம் ஒக்காந்து பாருங்க. ஒங்களுக்கே தெரியும்.”

நான் உட்காரவில்லை. எழுதி வைத்திருந்த சீட்டை அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். அந்த வருஷம் அவள் கடை போட்ட இடத்தில் வேறொருவர் அடுப்பு மூட்டினார்.

திருவிழா முடிந்து சில வாரம் இருக்கும். திருக்கோகர்ணத்தில் என் வாடகை வீட்டுக் கொல்லையில் பூசணி போட நானே சாணத்தைப் புதைத்து வைத்திருந்தேன். ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த மண் லேசாக அசைந்தது. குனிந்தேன். ஒரு ஈயின் தலை வெளியே வந்தது. இரண்டு கண்களுக்கும் நடுவே நெற்றியில் வெள்ளையாக ஒரு பை உப்பியது, சுருங்கியது, மறுபடியும் உப்பியது. அந்தப் பையால் மண்ணை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு ஈ மேலே ஏறியது. வெளியே வந்து, ஒட்டிக்கிடந்த இறக்கையோடு கொஞ்ச நேரம் ஊர்ந்து, இறக்கை காய்ந்ததும் பறந்துபோனது. பல்பொடி வாயோடு உள்ளே ஓடிப் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தை எடுத்தேன். நெற்றிப் பை, அது மண்ணைத் துளைப்பது, எல்லாம் இருந்தது. அந்த வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. நான் போட்ட கோடு.

அன்றே சைக்கிளை எடுத்திருக்கலாம். “அம்மா, நீங்க சொன்னதுதான் சரி” என்று ஒரு வார்த்தை போதும். திருவிழா முடிந்துவிட்டது, இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தலையாரி முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருஷம் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை.

மறு மாசியில் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் கொட்டில் காலியாக இருந்தது. குழியைத் தூர்த்து மெழுகியிருந்தாள்.

“மாட்ட வித்துட்டேனுங்க. சாணி இருந்தாத்தானே ஈ வரும்? இந்த வருசமாச்சும் சீட்டு குடுங்க எசமான்.”

சீட்டில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. “இப்பத்தான் சுத்தமா இருக்கு” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அன்று மாலை மரத்தடியில் கூட்டம். மண்ணைச் சும்மா போட்டு மூடினால் பயனில்லை, ஈ துளைத்துக்கொண்டு வந்துவிடும், தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும் என்று புதிதாகக் கண்டுபிடித்தவன் போலப் பேசினேன். தலையாரி எழுந்தான்.

“போன வருசம் மண்ணுல ஈ முளைக்காதுன்னு சொன்னீங்க. இந்த வருசம் முளைக்குதுங்களா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன்.

“சிரிக்காதீங்கப்பா. அவுக படிச்சவுக, தெரியாமலா சொல்லுவாக? நெசந்தான், பொளந்துக்கிட்டுத்தான் வருது. நானும் பாத்திருக்கேன்.”

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். நான் குச்சியை அடுத்த படத்தின் மேல் வைத்து, “அடுத்தது கொசு” என்றேன்.