ஒரு நாளுக்கென்று வந்த கட்டில்

போன வருடத்துக்கு முதல் வருடம், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. எங்கள் உம்மா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல், கடைசிக் காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தவர். அவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முதுகில் புண் வந்து, வேதனைப்பட்டுத்தான் மௌத்தானார். அதனால்தான் நோயாளர் பராமரிப்புப் பயிற்சி என்ற விளம்பரத்தைக் கண்டதும், அதில் "அரசாங்க அங்கீகாரம் பெற்றது" என்று இருந்ததை நம்பி, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறிப்போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் பிள்ளைகுட்டிக்காரர். ஒரு மிஸ் நோட்ஸ் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். மாதக்கணக்காக அதுதான் படிப்பு. கட்டில் இல்லை, பழகுவதற்குப் பொம்மை இல்லை, பிரஷர் பார்க்கிற கருவிகூட இல்லை. கேட்டால், "வரும், வரும்" என்பார் நிலையப் பொறுப்பாளர்.

ஒருநாள் காலை போனால் வகுப்பறையே மாறிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கரக் கதிரை, ஆள் உயரத்தில் ஒரு பொம்மை. அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். அத்தனையும் இரவல், பின்னேரம் திருப்பி ஏற்ற வேண்டும் என்று சாமான் இறக்கிய லொறி டிரைவரே சொன்னார்.

பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டு, "கேட்டா, ஒவ்வொரு கிழமையும் இதிலதான் பழகிறம் எண்டு சொல்லுங்க. அங்கீகாரம் போனா உங்கட சான்றிதழும் போயிடும்" என்றார். பிள்ளை வளர்த்து ஆளாக்கிய பெண்களுக்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் சான்றிதழை நினைத்து மற்றவர்களோடு நின்றேன்.

வந்த அதிகாரிகளில் ஒரு அம்மா இருந்தார். என்னைப் பார்த்து, "இந்த நோயாளியை இடப்பக்கமாத் திருப்பிக் காட்டுங்கோ" என்றார். பொம்மைக்குப் பக்கத்தில் போனேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"அவ பயந்திட்டா மேடம். நேத்தும் வடிவாச் செய்தவ" என்று பொறுப்பாளர் பின்னாலிருந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நேத்து இந்தக் கட்டிலே இங்க இருக்கல்ல மேடம். இண்டைக்குக் காலையிலதான் லொறியில வந்த. நாங்க ஒருநாளும் ஒரு ஆளைத் திருப்பிப் பழகல்ல" என்றேன்.

அந்த அம்மா மற்றவர்களைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். கட்டைபறிச்சானிலிருந்து வரும் ஒரு தங்கச்சி, வெளிநாட்டு வேலைக்கு இந்தச் சான்றிதழையே நம்பியிருந்தவள், "ஓம் மேடம், அக்கா சொல்றது உண்மை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வெளியில் வந்ததும், "இனி நான் எப்பிடி அக்கா வெளிநாடு போற?" என்று என்னைத்தான் கேட்டாள்.

திரும்பி உள்ளே போய் அந்த அம்மாவிடமே கேட்டேன். "நீங்க நாள் சொல்லிப்போட்டு வாறதாலதானே மேடம் அவங்க இப்படிச் செய்றாங்க? சொல்லாம ஒருநாள் வந்தா என்ன?"

"நீங்க கேக்கிறது நியாயம்தான்" என்றார் அவர்.

அந்த நிலையத்தின் அங்கீகாரம் போய்விட்டது. அந்த அம்மாதான் எங்களை வேறொரு இடத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு ஏலாது என்று சிலர் வரவில்லை. அவர்களில் ஒருத்தி இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தத் தங்கச்சி வந்தாள். புது இடத்தில் நாங்களே மாறி மாறி நோயாளியாகப் படுத்துப் பழகினோம். பிந்தித்தான் என்றாலும், அவள் வேலைக்குப் போய்விட்டாள். நானும் டவுனில் ஒரு வீட்டில் வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

வெறும் தாள் ஒன்று கையில் கிடைத்தால் எங்களுக்குப் போதும் என்று அந்தப் பொறுப்பாளர் நினைத்தாரே, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அந்தத் தாளை நம்பித்தானே முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டு ஆளை எங்கள் கையில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.