பினாயில் ஊற்றிய பெஞ்சு

மகளுக்கு எல்.கே.ஜி. சீட்டு கேட்டுத் தலைமை சிஸ்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். நான் படித்த அதே பள்ளி. என் ஐ.டி. கம்பெனியில் பாதிப் பேர் இந்தச் சீட்டுக்குத் தவம் கிடக்கிறார்கள். ஓட்டுக் கொட்டகையில் தொடங்கிய பள்ளி எப்படியெல்லாம் வளர்ந்தது என்று சிஸ்டர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பினாயில் நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒன்றாம் வகுப்பில் ஒருநாள் சுண்டுவிரலைத் தூக்கினேன். ஆங்கிலத்தில் கேட்டால்தான் வெளியே விடுவார்கள். எனக்குத் தமிழ்தான் தெரியும். பெஞ்சு நனைந்தது. ஆயா என் காலோடு சேர்த்துப் பினாயிலை ஊற்றினாள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் உத்தரவு போட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். தார்நாகா பகுதி ஆய்வகத்தில் வேலை பார்த்த அப்பா, பேப்பரை இறக்காமலே சொன்னார்: "அங்க சீட்டு கெடச்சதே பெரிசு. வாய மூடிக்கிட்டுப் போ."

மகள் என் துப்பட்டாவை இழுத்தாள். "மம்மி, சூசூ."

சிஸ்டர் குனிந்து சிரித்தார். "ஆஸ்க் இன் இங்கிலீஷ், பேபி. தென் யூ கேன் கோ."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் காலடியில் புத்தம்புதுக் கம்பளம்.

"பரவால்ல கண்ணு," என்றேன், "இங்கயே போ."