பெயர் விடாத ஜெபம்

திண்டிவனத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர், வெள்ளைப் புடவையும் தேய்ந்த வேதப்புத்தகமுமாக எழுபதைக் கடந்த கிறிஸ்தவ அம்மையார். பின்னாளில் தொண்ணூறையும் கடந்தார். அவர் வழக்கம் மாறவில்லை. வீட்டிலிருந்து எவர் பயணம் புறப்பட்டாலும் வாசலில் நிறுத்தி ஜெபிப்பார். தம் பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள் அனைவரையும் பெயர் சொல்லி முடித்த பின்னரே வழிவிடுவார். எனக்கும் விலக்கில்லை.

பர்மாவின் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்திருந்த காலம். விழுப்புரத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு என்னை நேரில் அழைத்திருந்தார்கள். ரயில் வரும் நேரமாகியும் பெயர்கள் ஓய்ந்தபாடில்லை. பொறுமையிழந்து நானே உரக்க "ஆமென்" என்றேன்.

அம்மையார் கண் திறந்தார். "இன்னாப்பா, குறுக்க பூந்து முடிச்சிட்ட?"

"ரயிலு போய்டும்மா."

"நடுப்புள்ள ரங்கூன்லேருந்து நடந்து வந்துக்கினு கீறான். அவன் பேரு இன்னும் வரல. நடுவுல உட்டா வழியிலயே நின்னுடுவான்பா."

நடந்தே ஊர் திரும்பப் புறப்படுவதாக அந்த மகன் எழுதிய கடைசிக் கடிதம் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அம்மையார் முதல் பெயரிலிருந்து மறுபடியும் தொடங்கினார். உள்ளே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த மருமகள் என்னைக் கேட்டாள்: "அடுத்த ரயிலுக்கு மல்லாட்ட வறுத்துத் தரட்டுங்களா?"

ரயில் போயிற்று, வேலையும் போயிற்று. மூன்று நாள் நான் அம்மையாரிடம் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

மீண்டும் விழுப்புரத்திலிருந்து வேறொரு வேலைக்கு அழைப்பு வந்தபோது, ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசலில் போய் நின்றேன். என் சினம் தணிந்திருக்கவில்லை. ஆயினும், அந்த நடுப்பிள்ளையின் பெயர் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.