நாலு குருவியும் மேலே பார்க்க வேண்டும்

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படம் போடுவார்கள். திராட்சைத் தோட்டம், ஓரத்தில் ஒரு மரவீடு, உள்ளே ஓவியர், குயவர், கூடை முடைபவர். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்து ஜனம் வந்து ஒரு கோப்பை குடித்துவிட்டு ஒரு கூடையும் வாங்கிக்கொண்டு போகும். மலேசியாவில் நமக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. கிள்ளானைத் தாண்டிப் பந்திங் போகிற சாலையில், காற்றில் உப்பு மணக்கத் தொடங்கியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும். திராட்சைக்குப் பதில் தென்னை, கோப்பைக்குப் பதில் பிளாஸ்டிக் ஜக். எதிரே தீவுப் பக்கத்தில் மா மெரி பூர்வகுடி மக்கள் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். இந்தப் பக்கத்தில் மலர் குருத்தோலையில் குருவி மடிக்கிறாள்.

ஆனால் அந்தக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், போய் மலர் வீடு எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "கள்ளுக்கார பக்கிரி சம்சாரம்" என்று சொன்னால்தான் வழிகாட்டக் கை நீளும். அவள் கணவன் பக்கிரிசாமி லைசன்ஸ் வைத்துக் கள் இறக்குகிறவன். சுபாங் ஜெயாவிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் கார் கட்டி வருகிறார்கள். குடிக்கிற கொட்டகையைச் சுற்றிலும் மலர் தோரணம் கட்டியிருப்பாள். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பாஸ், இதுவும் நீங்க செஞ்சதா?" என்று பக்கிரியிடம் கேட்பார்கள். பக்கிரி தோளைக் குலுக்குவான். இல்லை என்று சொல்ல அவனுக்கு நேரமிருக்காது. கொட்டகைக்குப் பின்னால் மலரின் கத்தி கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

இருவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் உண்டு. நெட்டை மரங்கள் அவனுக்கு, வீட்டுக்குப் பின்னால் உள்ள பதினான்கு குட்டை மரங்கள் அவளுக்கு. குருத்தை வெட்டினால் மரம் சுணங்கும், பாளையில் கள் குறையும். பக்கிரிக்கு அது பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் கை வைப்பது மாதிரி. கல்யாணமான புதிதில் அவனுடைய மரம் ஒன்றில் அவள் தெரியாமல் குருத்தை எடுத்துவிட்டாள். ஒன்பது நாள் அவன் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் சேவலிடம் சொல்வான். சேவல் வந்து அவளிடம் சொல்லும். நான் கதையை நீட்டுகிறவள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தச் சேவலை நான் பார்த்திருக்கிறேன்.

மலரின் தொழிலில் ஒரே ஒரு விதிதான் உயிர். மங்கலத் தோரணம் என்றால் நான்கு குருவி, தலை மேலே. சாவுத் தோரணம் என்றால் மூன்று குருவி, தலை கீழே. இரண்டையும் அவள் செய்வாள், ஒரே நாளில் மட்டும் செய்யமாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட இந்த விதி தவறியதில்லை.

போன ஆவணியில் பிரிக்ஃபீல்ட்ஸ் பரமேஸ்வரன் தன் மகள் ஜனகாவின் கல்யாணத்துக்குத் தோரணம் சொல்லியிருந்தார். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து மனிதர். "பிளாஸ்டிக் ஒரு துண்டும் என்ர வாசலில தொங்கக் கூடாது, பிள்ளை" என்று மூன்று மாதத்துக்கு முன்பே உத்தரவு. முதல்முறையாகக் கோலாலம்பூர் மண்டபம் ஒன்றில், கள்ளுக்காரர் பெயர் கலக்காமல், மலர் என்ற பெயருக்கு வந்த வேலை. அவள் அழைப்பிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கிள்ளானிலிருந்து போன். அங்கே எல்லாருக்கும் வேண்டிய சபாபதி தாத்தா காலமாகிவிட்டார், தொண்ணூற்று மூன்று வயது. அவர் மகள் வீரம்மாதான் அழுதுகொண்டே தோரணம் கேட்டாள்.

"ரெண்டையும் ஒரே நாள்ல செய்யாதேன்னு நீதானே சொல்லுவே?" என்றான் பக்கிரி.

"கல்யாணத்துக்கு இல்லேன்னு சொல்லலாம். சாவுக்கு எப்படிங்க இல்லேன்னு சொல்றது?"

இரண்டு சாக்கு. ஈரத்துணியில் சுற்றி, கல்யாணச் சாக்கைச் சிவப்பு நூலாலும் சாவுச் சாக்கை வெள்ளை நூலாலும் கட்டினாள். விடிந்ததும் லோரிக்கார லோகன் வந்து எடுத்துக்கொண்டு முதலில் கிள்ளானிலும் அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இறக்க வேண்டும். அவள் குளிக்கப் போன நேரத்தில் பக்கிரி சாக்குகளைத் தூக்கிப் பார்த்தான். நூல் கட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை. மரத்து உச்சியில் பானை கட்டுகிற கைக்குத் தையல் நூல் ஒரு கட்டா? இரண்டையும் அவிழ்த்து, தன் நீல நைலான் கயிற்றால் இறுக்கி, தானே லோரியில் ஏற்றிவிட்டான். நல்ல கட்டு. யானை இழுத்தாலும் அவிழாது.

புருஷனும் பெண்டாட்டியும் கொமியூட்டர் ரயிலில் வந்து இறங்கி, ஒன்பது மணிக்கு மண்டபத்தின் பின்வாசலுக்கு வந்தார்கள். நான் பெண்வீட்டுக்கு வேண்டியவள். இட்டலி சூடாக இருக்கும்போதே போய்விடுவது என் கொள்கை. அதனால் மலர் சாக்கைப் பிரித்தபோது கையில் தட்டோடு நான் அங்கே நின்றேன்.

முதல் தோரணத்தை உதறினாள். மூன்று குருவி. தலை கீழே.

அவள் ஈரத்துணியை மறுபடி மூடி, அதன்மேல் தானே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த நீலக் கயிறு யாரு கட்டுனது?"

பக்கிரி தன் புது வேட்டியைப் பார்த்தான். "நூலு அறுந்துரும்னு..."

லோகனுக்குப் போன் போட்டாள். "அக்கா, ரெண்டு சாக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு லா! கிள்ளான்ல அப்பவே எடுத்துத் தொங்கவிட்டுட்டாங்களே" என்றான் அவன்.

மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வாசலுக்கு வருவார்கள். நல்ல நாளில் அவர்களை மொட்டை வாசலில் நிறுத்துவது ஒரு கேவலம். சாவுத் தோரணத்தின் கீழே நடக்கவிடுவது அதைவிடப் பெரிய கேவலம். மலர் சாக்கின்மேல் உட்கார்ந்தபடியே, "இன்னிக்கு இந்த வாசல் போச்சுன்னா, இனிமே நான் கத்தியத் தொட மாட்டேன். நீங்க ஜக்கு கழுவக் கூப்பிடுங்க, வரேன்" என்றாள்.

பக்கிரி அண்ணாந்து பார்த்தான். மண்டபத்தை ஒட்டி ஒரு கொண்டோ அடுக்குமாடி. அதன் நீச்சல்குளத்தின் ஓரம், அழகுக்காக நட்ட இரண்டு தென்னைகள் நாலு மாடி உயரம் நின்றன. சமையல்காரரிடம் போய் ஒரு காய்கறிக் கத்தி வாங்கி, கட்டைவிரலில் பார்த்துவிட்டு, "இதுல வெண்ணெய் வெட்டலாம்" என்று முனகினான். அங்கவஸ்திரத்தை முறுக்கிக் காலுக்குத் தளையாக மாட்டினான். நான் அரை இட்டலியை விழுங்குவதற்குள் உச்சியில் இருந்தான்.

நேப்பாளக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். "அங்கிள்! தாக் போலே! தாக் போலே!" ஏறக் கூடாதாம், ஏறி முடித்தவனிடம் சொல்கிறான். "சியாப்பா?" யார் நீ என்று கேட்டான்.

மேலேயிருந்து பக்கிரி கத்தினான். பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கக் கேட்டது, கிள்ளான் துறைமுகத்தில் கப்பல்காரனுக்கும் கேட்டிருக்கலாம்.

"தோரணக்கார மலரோட புருஷன்டா!"

கீழே மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குள் மாடியிலிருந்து ஒரு பெண்மணி இரவு உடுப்போடு இறங்கி வந்துவிட்டார். கொண்டோ குடியிருப்போர் சங்கத் தலைவி, பெயர் மார்க்கிரட். "யாரு எங்க மரத்துல?" என்று அதட்டிக்கொண்டு வந்தவர், ஈரத்துணிக்கு வெளியே எட்டிப் பார்த்த தலைகீழான குருவியையும் மலரின் முகத்தையும் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. காவலாளியிடம் மலாயில் நாலு வார்த்தை சொன்னார், விசில் நின்றது. "குருத்தோலை ஞாயித்துக்கு வருஷா வருஷம் நான்தான் சர்ச்சுக்குச் சிலுவை மடிக்கிறேன். ஓலையைக் குடுங்க, கிழிச்சுத் தரேன்" என்று தரையில் உட்கார்ந்தார்.

மேலே பக்கிரி ஒரு கணம் தயங்கினான். முப்பது வருஷத்தில் அவன் தொடாத ஒன்று அந்தக் குருத்து. மரத்தைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னான், மன்னிப்பாகத்தான் இருக்கும். பிறகு வெட்டினான். மரத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு மேல் இல்லை.

வாசலுக்கு இருபத்தொரு தோரணம், ஆக எண்பத்து நாலு குருவி. மார்க்கிரட் கிழித்தார், மலர் மடித்தாள், பக்கிரி கட்டினான், இந்தத் தடவை அவள் காட்டிய நூலால். போன வேகத்தில் மலரின் விரல்களை என்னால் பார்க்கவே முடியவில்லை. குருவிகள் அவள் மடியிலிருந்து தாமாகவே எழுந்து வந்தன. எதிரே கம்பியில் இருந்த நிஜக் குருவி இரண்டு, தங்களுக்கு இங்கே வேலையில்லை என்று பறந்துபோயின. கடைசி முடிச்சு விழவும் நாதஸ்வரம் தெருமுனையில் கேட்கவும் சரியாக இருந்தது.

தாலி ஏறியதும் மலர் நேராகப் பரமேஸ்வரனிடம் போனாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, பேசாமல் இருந்திருக்கலாம். "அண்ணே, என் சாக்கு மாறிப் போச்சு" என்று தொடங்கி, நீலக் கயிற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னாள்.

அவர் வாசலுக்கு நடந்துபோய் அண்ணாந்து எண்ணினார். "நாலும் மேலதானே பாக்குது? பிறகென்ன பிள்ளை. பந்தியில போய் இருங்கோ."

மலர் பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டாள். கிள்ளானில் இன்னொரு வாசல் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, மூன்று மணிக்குப் பக்கிரியோடு சாவு வீட்டுக்குப் போனாள். அங்கே பந்தல் முகப்பில் அவளுடைய குருவிகள் நான்கு நான்காகத் தலை நிமிர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கீழே பேரனும் கொள்ளுப்பேரனுமாக ஒரு பட்டாளம்.

வீரம்மாவின் கையைப் பிடித்து அவள் பேச வாயெடுத்தாள்.

"காலையிலயே பாத்துட்டேன்" என்றாள் வீரம்மா. "கழட்டலாம்னுதான் நாற்காலி போட்டோம். அப்புறம் எனக்கே மனசு வரல. அப்பா நாலு தலைமுறை பாத்துட்டுப் போறாரு. ஏன் தலை குனிஞ்சு போகணும்? மேலயே பாத்துட்டுப் போகட்டும்."

"கயிறு கட்டுனது நான்தாம்மா. அவ மேல தப்பில்ல" என்றான் பக்கிரி. மண்டபத்தில் மலர் மறைத்ததை அவனே அங்கே சொன்னான்.

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்தாள். மூன்றாவது தோரணத்தில் ஒரு குருவிக்கு மூக்கு கோணியிருந்தது, லோரியில் நசுங்கியிருக்கும். அதே நாற்காலியைக் கேட்டு வாங்கி, ஏறி நின்று நிமிர்த்திவிட்டாள்.

பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "யாரு அந்தப் பொண்ணு? நம்ம கள்ளுக்காரர் சம்சாரம்தானே?" என்று கேட்டார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கிரி திரும்பினான்.

"இல்லீங்க ஐயா. அவங்கதான் தோரணக்கார மலர். நான் அவங்க வீட்டுக்காரன்."