காந்திமதி பொறுக்கி எடுத்த டிரான்ஸ்பார்மர்

பென்னலூர் காந்திமதி வாயாடி. ஆனால் டிரான்ஸ்பார்மரைப் பற்றி அவள் பேசினால் எதிர்ப்பேச்சு பேச ஊரில் ஆள் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஷெட்டில் ஏழு வருஷமாக ரேடியோப் பெட்டிக்குள் வைக்கிற சின்ன டிரான்ஸ்பார்மருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிறவளிடம் எவன் போய் வாயைக் கொடுப்பான்? சுற்றியதை வேனில் ஏற்றுவார்கள், வேன் போய்விடும். அது எங்கே போகிறது, யார் வீட்டில் உட்காருகிறது என்று அவளும் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை.

அது 1991 ஆடி மாதம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மைக் சத்தமே அடங்கிக் கிடந்தது. ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலில் மறுபடி பாட்டு வைக்கலாம் என்று ஊர் கூடிப் பேசியபோது, காந்திமதியின் கணவன் தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தான். "மைக் செட்டுக்காரன் இன்னாத்துக்கு? ஆம்பிளிபயர நானே செஞ்சித் தரேன். எம் பொண்ணு சுபஸ்ரீ பாடுவா." பத்து வயசு சுபஸ்ரீ அன்றிலிருந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டு பாடித் திரிந்தாள்.

சாமான் வாங்கப் பட்டணத்து ரிச்சி தெருவுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். அடேயப்பா, தணிகாசலம் பண்ணிய அழிச்சாட்டியம்! டிரான்சிஸ்டரை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். முதல் கடையில் மேலே அச்சடித்திருந்த நம்பர் விரலோடு வந்துவிட்டது. "டூப்பு!" என்று கத்திவிட்டு அடுத்த கடைக்கு நடந்தான். கெப்பாசிட்டர் முப்பத்தைந்து வோல்ட் போதும் என்றதற்கு, ஐம்பதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கடைக்காரன் பொறுமையிழந்து, "அண்ணே, பொண்ணு பாக்கக்கூட யாரும் இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டாங்க" என்றான்.

டிரான்ஸ்பார்மர் முறை வந்தபோது தணிகாசலம் ஒதுங்கிக்கொண்டான். "இது உன் இலாகா. நீயே பாருமே."

அவள் ஐந்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒன்று எடை குறைவு, ஒன்றில் தகடு ஆடியது. கடைசியில் ஏதோ வெளிநாட்டுப் பெயர் மாதிரி லேபிள் ஒட்டிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள். "இதச் சுத்துனவ நல்ல வேலக்காரிங்க. கச்சிதமா கீது. இதையே எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் பூட்டி முடிந்தது. எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கைச் செருகி, ரேடியோவை இணைத்துவிட்டான். சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. கால் மணி நேரம் ஜோராகப் பாடியது. காந்திமதிக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் ஈரக்காலோடு சுபஸ்ரீ ஓடிவந்தாள்.

"அப்பா, மைக்க எங்கிட்ட குடு!"

"இரும்மா, ஒயரு கால்ல மாட்டிக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே தணிகாசலம் பெட்டியில் செருகியிருந்த இரும்பு மைக்கைக் கையில் எடுத்தான்.

எடுத்தவன் வாயிலிருந்து வேறு பேச்சு வரவில்லை. உடம்பு முழுக்க வெடவெடவென்று ஆடியது. காந்திமதி சிரித்தாள். ஆமாம், சிரித்தாள், பாவி! விளையாட்டுக் காட்டுவது அவன் வழக்கம். கண் மேலே செருகியதைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போய் சுவிட்சை அடித்து அணைத்தாள். அவன் சுவரோரமாகச் சரிந்தான். உள்ளங்கையில் ஒரு கோடு வெந்து வெளுத்திருந்தது. மூச்சு இருந்தது. சுபஸ்ரீ நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.

அரை மணி கழித்து அவனுக்குப் பேச்சு வந்தது. "கொழந்த தொட்டிருந்தா? ஐயோ, கொழந்த தொட்டிருந்தா இன்னாமே ஆயிருக்கும்?" மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தான். டிரான்சிஸ்டரில் குற்றமில்லை. ஒயரில் குற்றமில்லை. டிரான்ஸ்பார்மருக்கு உள்ளேயே வீட்டுக் கரண்ட் மறுபக்கம் கசிந்து, பெட்டி, மைக் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

"எவ சுத்துனாளோ, அவ கை வெளங்காம போவ!" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தான்.

"நான் பிரிக்கறேன்" என்றாள் காந்திமதி. தகடுகளை உருவினாள். டேப்பை அறுத்தாள். உள்ளே கம்பி முடிகிற இடத்தில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு நூல் முடிச்சு இருந்தது.

ஷெட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். தப்பு வந்தால் யார் சுற்றியது என்று சூப்பர்வைசர் பிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. கத்திரிப்பூ நிறத்தில் வேறு யாரும் கட்டுவதில்லை.

அவள் விடாமல் கம்பியைப் பிரித்துக்கொண்டே போனாள். வீட்டுக் கரண்ட் வருகிற கம்பிக்கும் அதன்மேல் சுற்றும் கம்பிக்கும் நடுவில், கரண்ட் தாண்டாதபடி, மூன்று மடிப்புக் காகிதம் வைக்க வேண்டும். அதில் ஒரே ஒரு மடிப்புதான் இருந்தது, அதுவும் நடுவில் கருகிப் போயிருந்தது. சாயங்காலம் அன்றைக்குச் சுற்றிக் கொடுக்க வேண்டிய பீஸ் கணக்கு குறைந்தால் ஷெட்டில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. பத்தில் ஒன்றைத்தான் டெஸ்ட் பண்ணுவார்கள். ஒரு காகிதத்தில் யார் செத்துவிடப் போகிறார்கள் என்று பேசிச் சிரித்துக்கொண்டே சுற்றுவார்கள்.

"இன்னாமே, மூஞ்சி வெளுத்துப் போச்சி? எவடி அவ? தெரியுமா உனக்கு?"

மறைத்திருக்கலாம். நூலைப் பிய்த்து அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சுபஸ்ரீ கதவோரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க."

தணிகாசலத்துக்குப் புரியவில்லை. "இன்னா நீதான்?"

"நான்தான் சுத்துனேன். காயிதத்த நான்தான் கொறச்சேன்."

அவன் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். திட்டவில்லை. "இந்த மாதிரி எத்தினி சுத்தியிருப்ப?" என்று மட்டும் கேட்டான்.

"நாலு மணிக்கு மேல சுத்துனது அத்தினியும்" என்றாள் காந்திமதி. "ஏழு வருசமா."