காலண்டரில் அச்சடித்த நம்பர்

போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. ப்ளம்பர் ஒருவரைப் பிடிக்கலாம் என்று போனில் ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, பெயரையும் நம்பரையும் போட்டுத் தொலைத்தேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் நான்கு பேர். நான்கு பேரும் "பர்த்தா இதீனி சார்" என்றார்கள். வந்துகொண்டே இருக்கிறார்களாம். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், திட்டியும் இருப்பீர்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஒருவருடைய அவசரத்தை நான்கு பேருக்கு விற்கிற அந்த வித்தையில் நானும் இதே மைசூரில் சில வருடம் சம்பளம் வாங்கியவன்.

அப்போது ஸ்மார்ட் போன் எல்லோர் கையிலும் வந்திருக்கவில்லை. எங்கள் கம்பெனி ஊரிலுள்ள கடைகளையெல்லாம் இணையத்தில் பட்டியல் போட்டு, பணம் கட்டியவரை மேலே ஏற்றும். தமிழ், கன்னடம், அரைகுறை உருது மூன்றும் பேசுவேன் என்பதால் எனக்கு மண்டி மொஹல்லாப் பகுதியைக் கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு டையும் கொடுத்தார்கள். அந்தச் சந்துகளில் டை கட்டிக்கொண்டு நடந்தால் மருந்துக் கம்பெனி ஆள் என்று நினைத்து, டாக்டர் இன்னும் வரவில்லை, பெஞ்சில் உட்காருங்கள் என்பார்கள். நானும் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். வெயிலுக்கு இதமாக இருக்கும்.

அப்படி ஒரு கிளினிக் வாசலில்தான் ஆறுமுகம் அண்ணாவைப் பார்த்தேன். எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர். ஒரு பழைய ஆம்னி வேனை ஆம்புலன்ஸாக மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டிக் கதவைத் திறந்தால் டெட்டாலும் பழைய ரெக்ஸினும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது டெட்டால் வாசனை வந்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வராது, அவர்தான் வருவார். வேறு ஆம்புலன்ஸ்களும் ஊரில் இருந்தன. ஆனால் எங்கள் பக்கத்துச் சந்துகளில் நுழைகிற வண்டி அவருடையதுதான். மாடியிலிருந்து ஆளைத் தோளில் தூக்கி இறக்குகிறவரும் அவர்தான். எங்கள் வீடும் அங்கேதான், அவர் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி.

"எனக்கெதுக்குங்க தம்பி விளம்பரம்? சீக்கு வந்தா கூப்புடப் போறாங்க" என்றார். நான் விடுவேனா? பட்டியலுக்கு வருடச் சந்தா கட்டினால் போதும், கம்பெனி அவருக்கென்று தனியாக ஒரு நம்பர் தரும், இலவசமாக. அதற்கு அடித்தால் அழைப்பு அவர் போனுக்குப் போகும். அவர் எடுக்காவிட்டால் அவர் மனைவியின் போனுக்குப் போகும். ஒரு அழைப்புகூடத் தவறாது. இனி எல்லா இடத்திலும் இந்த நம்பரையே போடுங்கள், காலண்டர் அச்சடித்தால் பாதிச் செலவு கம்பெனியுடையது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சாமுண்டீஸ்வரி படம் போட்ட தினசரிக் காலண்டர். அடியில் சிவப்பில், கொட்டை எழுத்தில் அந்த நம்பர். அச்சாபீஸிலிருந்து வந்த கட்டைப் பிரித்தபோது அடித்த மை வாசனையில் எனக்கே பெருமையாக இருந்தது. வீடு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் வீட்டில் போன் மேஜைக்கு மேலே நான்தான் ஆணி அடித்து மாட்டினேன்.

ஒப்பந்தத்தின் எட்டாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இங்கிலீஷில், பொடி எழுத்தில். நம்பர் கம்பெனியின் சொத்து. சந்தா நின்றால் அந்த அழைப்புகளைக் கம்பெனி வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதுதான் வியாபாரத்தின் சூட்சுமமே. பழக்கிவிட்ட பிறகு அவர்களால் விட முடியாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த வருடம் சந்தாவை ஏற்றினார்கள். அண்ணா வேண்டாம் என்றார். மறுநாளே அந்த நம்பர் பெங்களூரில் கம்பெனியின் கால் சென்டரில் அடிக்க ஆரம்பித்தது. அவருடைய காலண்டரைப் பார்த்து அடித்தவர்களுக்கு எங்கிருந்தோ வண்டி வந்தது, அல்லது வராமல் போனது. கெட்ட பெயர் மட்டும் அவருக்கு வந்தது. ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்களாம், பணம் சேர்ந்ததும் ஆளை அனுப்பும் அளவுக்குப் பெரிய மனுஷனாகிவிட்டாயா என்று. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "எல்லா வூட்லயும் அழிச்சுப்போட்டு வந்தர்லாங்களா தம்பி?" என்றுதான் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கறுப்பு மார்க்கருடன் கிளம்பினோம். அவரிடம் பட்டியல் எதுவும் இல்லை. வீடுகளை நோயை வைத்து ஞாபகம் வைத்திருந்தார். இது மூட்டு வலிக்காரர் வீடு, இது டயாலிசிஸ் அம்மா வீடு, இங்கே இரண்டாவது பிரசவம் ஆபரேஷன். ஒவ்வொரு சுவரிலும் சிவப்பு நம்பரைக் கறுப்பாக்கி, பக்கத்தில் தன் சொந்த நம்பரை எழுதினார். கோணல் மாணலான எழுத்து. சரியாக எழுதினோமா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். எங்கள் சந்துக்கு வந்தபோது மணி இரண்டு. நல்ல பசி. "எங்க வீட்ல நானே அடிச்சுடறேண்ணா, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

வீட்டில் அன்றைக்கு வெந்தயக்குழம்பு. சாப்பிட்டேன், டிவியில் மேட்ச் பார்த்தேன், தூங்கிப்போனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவர். அம்மா காலண்டரைப் பார்த்து அடித்தாள். ஒரு பெண் எடுத்தது. "ஆறுமுகம் வண்டிதானேம்மா?" என்று அம்மா கேட்டதற்கு, ஆமாம் மேடம், ஆம்புலன்ஸ் சர்வீஸ்தான் என்றது. அடுத்து மூன்று பேர் வரிசையாகக் கூப்பிட்டு விலாசம் கேட்டார்கள். மூன்று பேரும் இதோ வருகிறோம் என்றார்கள். இன்னொருவன் போய்ச் சேர்ந்திருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்திருக்க வேண்டும். வருகிறோம் என்றார்களே என்று அம்மா காத்திருந்தாள். எனக்கும் அடித்திருக்கிறாள். நான் விற்பனைக் கூட்டத்தில் இருந்தேன், போன்களையெல்லாம் வெளியே ஒரு கூடையில் போட்டிருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் ஆம்னி இரண்டு சந்து தள்ளி நின்றுகொண்டிருந்தது. அண்ணா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

துக்கம் கேட்க வந்தார். அவரைப் பார்த்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். கறுப்படிக்காத நம்பர் சிவப்பாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டும்போது மெதுவாக, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க தம்பி. நாஞ் சொன்னா நல்லாருக்காது" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்து ஆபீஸ் போன அன்று, விற்ற அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். அதில் எங்கள் வீட்டு நம்பர் இருந்தது. மூன்று பேருக்கு விற்றது. எதிரே, விற்பனை முடிந்தது என்று பச்சை டிக். அன்றைக்கே வேலையை எறிந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் விட்டேன், அதுவும் இன்னொரு கம்பெனியில் இதே வேலைக்கு, கொஞ்சம் பெரிய பதவி என்பதால்.

அம்மாவிடம் சொல்லவில்லை. முதலில் பதினாறாம் நாள் போகட்டும் என்றிருந்தேன், பிறகு தீபாவளி போகட்டும் என்று. வழியில் அண்ணா எதிரே வந்தால் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நடப்பாள். அவர் ஓரமாக ஒதுங்கி வழி விடுவார். கூப்பிட்டும் அவர் வரவில்லை என்று அவள் அக்கம்பக்கத்தில் சொன்னது பரவி, எங்கள் சந்தில் அவரைக் கூப்பிடுவதே நின்றுபோனது. ஆம்னியை விற்றுவிட்டு ராமாபுரத்துக்கே போய்விட்டார்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை, யாரோ வாங்கி யாரிடமோ விற்றுவிட்டார்கள். அண்ணா வண்டி நிறுத்துமிடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். இந்தக் குழாய் ஒழுகிய வாரத்தில்தான் செய்தியும் வந்தது. அண்ணா போய்விட்டார், காரியமெல்லாம் ஊரிலேயே முடிந்ததாம். அதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். காபி டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு அவன் வந்திருந்தா உங்கப்பா இருந்திருப்பாரு. போகட்டும் விடு, நான் மன்னிச்சுட்டேன்" என்றாள்.

நான் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.