அழிக்கத் தெரியவில்லை

யாரும் படிக்காத ஒன்றை ஒழுங்காகப் படிப்பதற்கென்றே ஒரு மனிதன் சம்பளம் வாங்கினால், அவன் யாரைக் காவல் காக்கிறான்? மொந்தெவிதேயோ நகராட்சியில் எதெல்மிரோ பிதெகாயினுக்கு எதிர் மேசையில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தும் எனக்கு விடை தெரியவில்லை.

நகராட்சிக்கு இணையதளம் கட்டித்தர வரும் கம்பெனிகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. பெரிய அறிவாளி என்று சொல்லமாட்டேன். மெதுவாகப் படிப்பார், படித்ததை நம்பமாட்டார். ஒவ்வொரு கம்பெனியிலும் வாடிக்கையாளராகத் தன் பெயரைப் பதிவுசெய்வார். பிறகு கொள்கையின் அடியில் உள்ள முகவரிக்கு, 'என்னைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் அழித்துவிடுங்கள்' என்று எழுதிவிட்டுப் பத்து நாள் காத்திருப்பார். பெரும்பாலும் பதில் வராது. விளம்பரம் வரும்.

செர்ரோ பகுதியில் உள்ள நகராட்சி மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்க்க ஒரு தளம் கேட்டிருந்தது. மூன்று கம்பெனிகள் போட்டியிட்டன. முதல் இரண்டின் கொள்கையும் வரிக்கு வரி ஒன்றே. இரண்டாவதன் எட்டாம் பத்தியில் முதல் கம்பெனியின் பெயர் மாற்றப்படாமலே கிடந்தது.

"காப்பியடிச்சா பேரையாவது மாத்த வேணாமா?" என்றேன்.

"மாத்தியிருந்தா நான் முழு மார்க் போட்டிருப்பேனே," என்றார், குடுவையிலிருந்த மாத்தே என்ற இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்சியபடி. சிரிக்கவில்லை.

அந்த வாரம் செர்ரோவிலிருந்து நர்ஸ் இல்தா நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏன் எதெல்மிரோ, எட்டு மாசமா படிக்கிறீங்களே, மனப்பாடம் பண்ணப் போறீங்களா? எங்க ஆளுங்க ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கறாங்க. பேரைக் கூப்பிட்டு, எந்த டெஸ்ட்டுன்னு நான் கேட்கணும். வரிசை முழுக்கக் கேட்குது. போன வாரம் ஒரு பொண்ணு பதில் சொல்லாமலே திரும்பிப் போயிட்டா."

"தளத்தைத் தப்பான கம்பெனிகிட்ட கொடுத்தா ஊருக்கே கேட்கும், இல்தா."

"இப்ப மட்டும் கேட்கலையாக்கும்!"

அவர் மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். குடித்துவிட்டுத்தான் போனாள், கோபம் குறையவில்லை.

முதல் இரண்டு கம்பெனிகளிடமிருந்தும் விளம்பரம்தான் வந்தது. மூன்றாவது, இரண்டு பெண்கள் நடத்தும் சிறு கூட்டுறவு. அவர் எழுதிய ஒன்பதாம் நாள் அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். காது மந்தமென்பதால் எதெல்மிரோ ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, தளத்துல உங்க பேரை அழிச்சுட்டோம். ஆனா நகலெடுத்து வச்ச பேக்கப்ல இருக்கு. அதுலேர்ந்து உங்களை மட்டும் எடுக்க எங்களுக்குத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டிருக்கோம்."

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்ற? மார்க் போயிடுமே."

"நீங்கதானே கேட்டீங்க?"

மதிப்பெண் தாளில் ஒரு கட்டம்: 'முழுமையாக அழிக்கிறார்களா? ஆம் / இல்லை.' 'இல்லை' என்றால் அவர்கள் வெளியே. 'ஆம்' என்றால் பொய். யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் செர்ரோ மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரை தாள் மேசையிலேயே கிடந்தது. அன்று மதியம் இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, 'தெரியவில்லை என்கிறார்கள். கற்றுக்கொள்ளும் வரை பேக்கப்பை மருத்துவமனையே பூட்டி வைத்துக்கொள்ளட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலதிகாரி முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார். அது நல்ல தீர்ப்புதானா என்று இன்றும் என்னால் சொல்லமுடியாது.

தளம் திறந்த அன்று எதெல்மிரோ அரைநாள் விடுப்பு எடுத்தார். அவர் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, வருடக்கணக்காக மாதச் சந்தா கட்டி அவர் வைத்தியம் பார்த்துவந்த தனியார் மருத்துவமனை இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி செர்ரோ போய், இல்தாவிடம் கையை நீட்டி ரத்தம் கொடுத்து, பெயரை முழுதாக அழிக்கத் தெரியாத அந்தத் தளத்தில் முதல் ஆளாகத் தன் பெயரைப் பதிவுசெய்தார்.

ஏனென்று கேட்டேன். வெந்நீர் ஆறிவிட்டது என்று எழுந்து போனார்.